ஓடும் குதிரைகளும் உட்கார்ந்த பெண்களும்

படம் வரைந்து பிழைப்பவர்களுக்குத் தெரியும்: நம் கை ஒன்றை வரைய ஆசைப்படும், ஊரில் உள்ள சுவர்கள் வேறொன்றைக் கேட்கும். பெங்களூரில் பத்து வருஷமாக என்னிடம் சுவர்கள் கேட்பது ஏழு வெள்ளைக் குதிரைகளை. சூரியன் உதிக்க, தண்ணீர் தெறிக்க, ஏழும் ஓடிவர வேண்டும். வீட்டில் மாட்டினால் முன்னேற்றமாம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் ரெக்கார்டு நோட்டில் தவளை வயிற்றைக் கிழித்து வரைந்துகொடுத்ததில் தொடங்கியது என் தொழில். அப்புறம் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம். கடைசியில் தவளையிலிருந்து குதிரைக்கு வந்து சேர்ந்தேன். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. குதிரை இல்லாத என் படம் ஒன்றை, என்னைத் தெரியாத ஒருவர் விரும்பி வாங்கித் தன் வீட்டில் மாட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். சித்தி வீட்டில் இரண்டு படம் இருக்கிறது, ஒன்றின் மேல் காலண்டர் தொங்குகிறது.

காலைக் காணோம்

ஹெண்ணூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் ஆடிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். படத்தைக் கொண்டுபோய் இறக்கியதும், மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முகத்தைத்தான் எண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணியது கால்களை. மொத்தம் இருபத்தாறுதான் வந்தது.

நடுவில் உள்ள குதிரையின் பின்னங்கால் இரண்டும் பக்கத்துக் குதிரையின் உடம்புக்குப் பின்னால் போய்விட்டன, நிஜத்தில் கூட்டமாக ஓடும்போது அப்படித்தான் தெரியும் என்று ரொம்ப மரியாதையாக விளக்கினேன். அவரும் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"முப்பது வருஷம் ஆடிட் பண்ணவன்மா நான். 'பின்னால இருக்கு'ன்னு யார் சொன்னாலும் நம்பறதில்ல."

அன்றிலிருந்து என் குதிரைகள் காலை விரித்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

வெள்ளை

குதிரை வரைபவர்களுக்கு மற்ற நிறமெல்லாம் ஊறுகாய், வெள்ளைதான் சோறு. வழக்கமாக நான் போகும் கலர் கடையில் என்னைப் பார்த்ததுமே பெரிய வெள்ளை ட்யூப்களை எடுத்து மேஜையில் அடுக்கிவிடுவார்கள். கூட வாங்கும் டர்பென்டைனில் பாதியை என் வீட்டுக்காரர் சாலமன் பைக் செயின் துடைக்க எடுத்துக்கொண்டுவிடுவார். டூவீலர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்ப்பவர், நல்ல துணி கிடைத்தாலும் விடமாட்டார், அதனால் கான்வாஸை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.

ஒருநாள் கடையில் வெள்ளையைத் தள்ளி வைத்துவிட்டு, காவி, பச்சை, இரண்டு மூன்று வகை பழுப்பு எல்லாம் கேட்டேன். கடைக்காரர் வெள்ளை ட்யூப்களைத் திரும்பவும் உள்ளே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்கறையாகக் கேட்டார்:

"ஏன் மேடம், குதிரைங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

கால் நீட்டி

அந்தப் பழுப்பெல்லாம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் ஸ்ரீராம்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லித்தரப் போவேன். போகிற வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மூலை. அங்கே தெரு கூட்டும் பெண்கள் மூன்று பேர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பேசக்கூட மாட்டார்கள். அப்படி ஒரு உட்காரலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. உடம்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது.

வரையட்டுமா என்று கேட்டேன். மூவரில் மூத்தவர் செல்வியக்கா, "எதுக்கு, ஆபீசுல காட்டவா?" என்று சந்தேகப்பட்டார். நான் பையிலிருந்த நோட்டைக் காட்டி, படம் வரைவதுதான் என் பிழைப்பு என்று சத்தியம் செய்தபிறகு நம்பினார். நான்கு சனிக்கிழமை போய்க் குறிப்பு எடுத்தேன். வீட்டில் வைத்து வரைய இரண்டு மாதம் ஆயிற்று. குதிரை வரையும்போது பாட்டுப் போட்டுக்கொள்வேன், இதை வரையும்போது பாட்டுப் போட மறந்தே போனேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

எப்படி உட்காரவைத்து வரைய வேண்டும் என்று செல்வியக்காவிடமே கேட்டிருந்தேன். யூனிஃபார்ம் கோட்டைக் கழற்று, பூ வை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்:

"மூஞ்சி எப்படி வேணா இருக்கட்டும். கால மட்டும் நல்லா நீட்டி வுட்டுடு. நாலரை மணியிலர்ந்து நிக்கறது அதுதான்."

பாய் கடை

எனக்கு ஃப்ரேம் போட்டுத் தருபவர் ஆஸ்டின் டவுன் ரஃபீக் பாய். என் குதிரைப் படங்களெல்லாம் ஒரே அளவு, குறுக்குவாட்டில் நீளமாக இருக்கும். அதனால் பாய் முன்கூட்டியே பத்துப் பதினைந்து ஃப்ரேம் அறுத்து ஒட்டி வைத்துவிடுவார். நான் போய் மாட்டிக்கொண்டு வரவேண்டியதுதான்.

மூன்று பெண்கள் படம் சதுரம். பாய் அதை இப்படியும் அப்படியும் தன் ஃப்ரேமில் வைத்துப் பார்த்தார். டேப்பை இழுத்து அளந்தார். புதிதாக அறுக்க வேண்டும் என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"க்யா மேடம், உட்கார வெச்ச நீங்க அப்படியே படுக்க வெச்சிருந்தா நம்ம குதிரை ஃப்ரேம்லயே அடங்கியிருக்குமே."

கண்ணாடியில் தெரிகிற மாதிரி

இன்னொரு புது ஃப்ளாட். குதிரைப் படத்தை மாட்டி முடித்தபிறகு அந்த வீட்டு அம்மா தன் வாஸ்துக்காரருக்கு வீடியோ கால் போட்டார். குதிரைகள் வீட்டுக்குள் ஓடிவர வேண்டுமாம், என்னுடையவை வாசலைப் பார்த்து ஓடின. இருக்கும் லட்சுமியையும் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்றார் அவர், போனுக்குள்ளிருந்து. எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்றால் அங்கே டி.வி. இருக்கிறது. வாசலை வேண்டுமானால் அந்தப் பக்கம் மாற்றிவிடலாமே என்று நான் சொன்னதை அந்த அம்மா உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கன்னடம் கலந்த தமிழில் வேறு வழி சொன்னார்:

"படத்த சொல்ப அந்தப் பக்கமா திருப்பிட முடியாதா மேடம்? கண்ணாடியில தெரியுமே, அந்த மாதிரி."

வளர்ச்சி

மேலே சொன்ன அதே வாஸ்துக்காரர், திசையை மாற்றிச் சரியாக வரைகிறேனா என்று பார்க்க லிங்கராஜபுரத்தில் உள்ள என் வீட்டுக்கே ஒருநாள் வந்துவிட்டார். பெண்கள் படம் ஹாலில் நின்றது. அதுவரை வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்க் குதிரையைத்தான் பார்த்தார்கள். இவர் நின்று பார்த்தார். எந்த வேளையில் வரைந்தது என்று கேட்டார், என்ன பிரஷ் என்று கேட்டார், பதில் சொல்லச் சொல்ல எனக்கு வாய் காதுவரை போயிற்று. பிறகு தீர்ப்புச் சொன்னார்:

"ஓடற படம் மாட்டினா வளர்ச்சி. இத மாட்டினா வீடே உட்கார்ந்துடும்."

அந்த வாரமே வீட்டு அலங்காரக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. மாதச் சம்பளம், பி.எஃப்., மாதம் பன்னிரண்டு குதிரைப் படம். வெளியில் வேறு எதுவும் வரைந்து விற்கக்கூடாது. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நானும் களைத்துப் போயிருந்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரத்தில் ஓவியச் சந்தை. பெண்கள் படத்தைக் கடைசியாக அங்கே வைத்துப் பார்ப்பது, யாரும் வாங்காவிட்டால் மறுநாள் கையெழுத்து என்று முடிவு செய்தேன். சாலமனிடம் சொன்னேன். அவர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் அனுபவத்தோடு கேட்டார்:

"சரி, குதிரைக்கு வாரத்துல ஒருநாள் லீவு உண்டான்னு கேட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை

சந்தையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தரைவரை தொங்குகிற மாதிரி பெட்ஷீட் விரித்து, பெண்கள் படத்தை அதன் மேல் நிறுத்தினேன். கூடவே மூன்று குதிரைப் படங்கள். மூன்றும் மத்தியானத்துக்குள் போய்விட்டன. பெண்கள் படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்கள் உண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் உண்டு, விலை கேட்டவர் ஒருவரும் இல்லை. மூன்று மணிக்குக் கட்டிக்கொண்டு போகப் பேப்பரை எடுத்து வைத்தேன். இரண்டு மாத உழைப்பு வீணானதைவிட, அவர்கள் மூவரும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அதிகமாக வலித்தது.

நாலு மணிக்குச் செல்வியக்கா வந்தார். வேலையை முடித்து, குளித்து, நல்ல புடவை கட்டி, நான் சொல்லியிருந்தபடி தன் படத்தைப் பார்க்கவென்று பஸ் ஏறி வந்திருந்தார். "மூக்குத்தி எங்க?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்ட பெரியவர் ஒருவர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். "ஐயோ, எங்கள வேலை வாங்கின பழைய மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டே செல்வியக்கா படத்துக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டார்.

பெரியவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இது எந்த இடம்மா?" என்றார். பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் காலைக் கிள்ளியது. "கற்பனை சார்" என்றேன். "கற்பனைக்கு டிரான்ஸ்ஃபார்மர் நம்பர் எல்லாம் போடுவீங்களா?" என்று விரலை வைத்துக் காட்டினார். பார்த்ததை அப்படியே வரைவதில் எனக்கு ஒரு பெருமை. அன்றைக்குத்தான் அதற்காக வருத்தப்பட்டேன். "தினமும் அந்த ஏரியாவ சைக்கிள்ல சுத்துவேன். இவங்க எங்க போய் உக்கார்றாங்கன்னு ரிட்டையர்டு ஆகறவரைக்கும் எனக்குத் தெரியல" என்றார். கோபமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். விலை கேட்டார், சொன்னேன், சரி என்றார்.

நான் பேப்பர் சுற்றித் தருவதற்குள் அவரே இரண்டு கையாலும் படத்தைத் தூக்கிவிட்டார். பின்னால் செல்வியக்கா தரையில் குந்தியிருந்தார். பழக்க தோஷத்தில் துள்ளி எழுந்து, புடவையைச் சரிசெய்தபடி, "இப்பத்தான் சார் உக்காந்தேன்" என்றார். பெரியவர் படத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"உக்காரு செல்வி, எந்திரிக்காத. இனிமே எங்க வீட்டு ஹால்ல தினமும் உக்காந்துதான இருக்கப் போற."

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடப் போகவில்லை, ஆனால் குதிரைகளை விட்டுவிட்டேன் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், மாதத்துக்கு இரண்டு படமாவது அவை ஓடினால்தான் நான் வரையும் பெண்கள் நிம்மதியாக உட்கார முடிகிறது.