தளவாய் மலையாளத்துக்குத் திரும்பிய கதை

தளவாய்க்கு வயது நாற்பத்தி நாலு. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள சைவ ஓட்டலில் பதினாறு வருஷமாக சப்ளையர். ஜன்னலோரத்து ஆறு மேசைகள் அவர் பொறுப்பு. நாலு தோசைத் தட்டை ஒரே கையில் அடுக்கிக்கொண்டு வருவார்; யார் சட்டையிலும் இதுவரை சாம்பார் சிந்தியதில்லை. அவர் பேசும் மலையாளத்தைக் கேட்டால் நெய்யாற்றின்கரைக்காரர் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அனந்தராமனும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் பிறந்து, அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டயரானவர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இங்கிலீஷ். தினமும் காலையில் கோயிலில் தொழுதுவிட்டு நேரே ஓட்டலுக்கு வருவார். ரசவடை ஒன்று, நெய் ரோஸ்ட் ஒன்று, காப்பி ஒன்று. ரோஸ்ட்டின் ஓரம் மொறுமொறுவென்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் பேச்சில் மரியாதை குறையாது. "சேட்டா, கொறச்சு சட்னி" என்பார். சேட்டன் என்றால் அண்ணன், கொறச்சு என்றால் கொஞ்சம். அறுபத்தெட்டு வயசுக்காரர் தன்னை அண்ணா என்று கூப்பிடுவதில் தளவாய்க்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மலையாளத்தில் அது சும்மா ஒட்டிக்கொண்டு வருகிற வார்த்தைதான். என்றாலும் காதுக்கு இதமாக இருந்தது.

அவர் தமிழர் என்பது தளவாய்க்கு முதல் நாளே தெரியும். சட்னியில் உப்பு போதாது என்று அவர் வாய்க்குள் முனகியது தமிழில். தளவாய் கண்டுகொள்ளவில்லை. கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டு வைத்தால் போதாதா?

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. கெடுத்தது இசக்கிசெல்வியின் போன்.

இசக்கிசெல்வி ஊரில் இருக்கும் மனைவி. அனந்தராமன் முன்னால் ரோஸ்ட்டை வைக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். தளவாய் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "மோட்டார் ஓடலைன்னா வயர்மேன்கிட்ட சொல்லுளா. நான் இங்கன தோசை சுமந்துக்கிட்டிருக்கேன், வயரு எங்க அந்துருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அனந்தராமனின் கை ரோஸ்ட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"டேய், நீ தமிழாடா?"

ஒரு போன் பேசி முடிப்பதற்குள் தளவாய் அண்ணனிலிருந்து பையனாக இறங்கிவிட்டார்.

"ஆமா சார்."

"இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே, கேட்டயா. எந்த ஊர்?"

சொன்னார்.

"ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தளவாய்க்குத் தெரியும். "பஸ் ஸ்டாப்புல இறங்கினா ரெண்டாவது தெரு சார்."

"அது இல்லடா. தெருவுக்குப் பேர் இருக்குமோல்லியோ?"

"போர்டு வச்சிருந்தாங்க. லாரி இடிச்சிட்டுப் போயிருச்சு. காப்பி கொண்டாரட்டா சார்?"

அனந்தராமனுக்குப் பதில் கிடைக்கவில்லை, உரிமை கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து "டேய் தளவாய்" என்ற குரல் கல்லா வரைக்கும் கேட்டது. நம்ம பையன்தானே என்று ஜன்னலோர மேசையைப் பிடித்து வைக்கச் சொன்னார். ரசத்தையும் வடையையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிவிட்டு, வடை ஊறவில்லை என்று கோபித்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரரிடம், "பாண்டியாக்கும், ஆனா நல்ல பையன்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். தமிழனை இந்த ஊரில் இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை அது. தான் வீட்டில் பேசுவது எந்த மொழி என்று அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று முதல் ரெண்டு நாள் தளவாய்க்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அனந்தராமன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வந்துடு. ஸ்டீல் பீரோவை மாடிக்கு ஏத்தணும்."

தளவாய் யோசித்துப் பார்த்தார். மலையாளத்தில் பேசிய ஆறு வருஷத்தில் இந்த மனிதர் வீட்டில் ஒரு பீரோகூட இருந்ததில்லை.

"சாரே, எனிக்கு மனசிலாயில்ல" என்றார். எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

அனந்தராமன் சிரித்தார். இன்னும் சத்தமாகத் தமிழில் சொன்னார். தளவாய் இன்னும் பணிவாக மலையாளத்தில் புரியவில்லை என்றார். மறுநாளும் அப்படியே. டேய் என்ற குரலுக்கு அவர் திரும்புவதையே விட்டுவிட்டார். பக்கத்து வரிசை சப்ளையர் ஷிஜு சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினான்.

அடுத்த வாரம் அனந்தராமன் தன் மகள் பத்மஜாவின் மாமனாரை அழைத்து வந்தார். சென்னைக்காரர். மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது.

"கவலைப்படாதேங்கோ, இவன் நம்ம பையன்" என்றார் அனந்தராமன். "டேய், சம்பந்திக்கு என்ன இருக்குன்னு தமிழ்ல சொல்லுடா."

தளவாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இட்லியில் தொடங்கி போளி வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'சார்' சேர்த்து, சுத்தமான மலையாளத்தில் ஒப்பித்தார்.

சம்பந்தி பொறுமையாகக் கேட்டார். பிறகு அனந்தராமன் பக்கம் சாய்ந்து, "பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது போலிருக்கே. நாப்பது தாண்டின மனுஷரை ஏன் வாடா போடாங்கறேள்?" என்றார்.

அனந்தராமன் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆனது. வெகுநேரம் மெனு கார்டைப் பார்த்தார். கடைசியில், "சேட்டா, ரண்டு நெய் ரோஸ்ட்" என்றார்.

அதற்குப் பிறகு பீரோவைப் பற்றிப் பேச்சில்லை. அனந்தராமன் வருவதும் நிற்கவில்லை; நல்ல ரசவடை நடக்கிற தூரத்தில் வேறெங்கும் கிடையாது.

ஒரு நாள் நாகர்கோவிலிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தது. பிள்ளை அழுதுகொண்டிருந்தது. "அண்ணே, காரமில்லாம இவனுக்கு ஏதாவது தருவீங்களா?" என்று தாய் கேட்டாள்.

"இட்லிக்கு நெய்யும் சீனியும் வச்சுத் தாரேன்மா. சூடா இருக்கும், ஆறவச்சுக் குடு" என்றார் தளவாய், ஓட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அனந்தராமன் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்ததைப் பிள்ளைதான் முதலில் பார்த்துச் சிரித்தது.