பெரியப்பா வளர்த்த மகள்

ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல், பெரியப்பா ஒரு பத்திரிகையைப் பிரித்து வாசித்த மாலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் எழுதிய அஸ்ஸாம் பயணக் கட்டுரை. படகுத்துறையில் டீ ஊற்றிக் கொடுத்த தமிழ்ப் பெண் ஒருத்தி அவரிடம் ஊரை விசாரித்தாளாம். அவள் பெயரை அவர் வாசித்ததும் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த பெரியம்மா வெளியே வந்து உட்கார்ந்தார். "நல்லா இருக்காளா?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு புருஷனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

அந்தப் பெயர் அவர்களுடைய ஒரே மகளின் பெயர். எனக்கு அக்கா. அப்போது அவள் உயிரோடு இல்லை.

பெரியப்பா எழுதாத சரக்கில்லை. வானொலி நாடகம், துப்பறியும் தொடர், பயணக் கட்டுரை, பெண் பெயரில் சமையல் குறிப்பு, கேட்டவர்களுக்குக் கல்யாண வாழ்த்து. காஷ்மீரிலிருந்து கொழும்பு வரை சுற்றியவர். ஆனால் பாத்திரங்களுக்குப் பெயர் தேட மட்டும் மெனக்கெடமாட்டார். எங்கள் ஊரான நைனார்பாளையத்துச் சொந்தக்காரர்கள் பெயரையே போட்டுவிடுவார். பெயர் வந்தவர்கள் பத்திரிகையும் கையுமாக ஊரெல்லாம் திரிவார்கள். "எம் பேர எப்பப்பா வைப்ப?" என்று அக்கா நச்சரித்தாள். கல்வராயன் மலையில் நடக்கும் ஒரு தொடர்கதையின் நாயகிக்கு வைத்தார். கடைசி அத்தியாயத்தில் அவளைக் காட்டாறு அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த மழைக்காலத்தில், சிநேகிதிகளோடு வெள்ளிமலைக்குப் போன அக்காவையும் ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

கருநாக்கு என்பார்கள். பெரியப்பாவுக்கு ஊர் கரும்பேனா என்று பெயர் வைத்தது. பேர் வந்ததென்று பீற்றிக்கொண்டவர்களே அவரைக் கண்டால் சந்து மாறிப் போனார்கள். மூடத்தனம்தான், எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன? அந்தத் தொடரின் கடைசி அத்தியாயத்தை இன்றுவரை நான் படித்ததில்லை. பயம்.

அஸ்ஸாமுக்குப் பிறகு அவர் எழுதிய எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அக்கா வந்தாள். துப்பறியும் கதையில் சாட்சி சொல்லிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பினாள். நாடகத்தில் நர்ஸாக இருந்தாள். சமையல் குறிப்பில் தன் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்தாள். வருஷத்துக்கு வருஷம் வயதும் ஏறியது. வாசகர்கள் யாரும் கவனிக்கவில்லை. நிஜம் என்று அச்சாகும் பயணக் கட்டுரையிலும் இப்படிப் புளுகுகிறாரே என்று எனக்கு எரிச்சல். பெரியவனான பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பொய்யா எழுதனதுதான்டா பலிச்சுது. இதுவும் பலிக்கட்டும்" என்றார்.

எங்கள் பக்கம் கன்னியாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை அவளுக்குத்தான். அதைப் படைத்த பிறகே மற்றதெல்லாம். பெரியம்மா மட்டும் அக்காவுக்குப் படைக்க விட்டதேயில்லை. "உசுரோட கீறவளுக்கு இன்னாத்துக்குப் படையலு?" என்பார். என் கல்யாணமே அந்தப் படையல் இல்லாமல்தான் நடந்தது.

போன வருஷம் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது என் மகளுக்குக் கல்யாணம். பூவாடைக்காரிக்குப் படைக்காமல் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். பெரியம்மா வீட்டுக்குப் போய் மென்று விழுங்கிக் கேட்டேன்.

"அவரு போனதுலருந்து அவளப் பத்தி ஒரு சேதியும் வர்ல" என்றார். பிறகு, "படச்சிடலாம். புடவ நான்தான் எடுப்பேன்."

நாங்கள் எல்லாரும் என்றோ எரித்துவிட்டு வந்தவளை அவர் அந்த நிமிஷம்தான் இழந்தார் என்று நினைத்தேன்.

நேற்று கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனேன். கன்னிப்பெண்ணுக்கு ஏற்றதாக, கிளிப்பச்சையில் அரக்குக்கரை போட்ட ஒன்றை எடுத்து நீட்டினேன். பெரியம்மா அதை ஒதுக்கிவிட்டார்.

"யாருக்குங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"எம் பொண்ணுக்கு. இதெல்லாம் சின்னப் புள்ளைங்க கட்றது. அவளுக்கு இந்நேரம் நர வுழுந்திருக்கும். கலரு கம்மியா, அடக்கமா ஒண்ணு எடுத்துப் போடுங்க."