பல்லக்கா பெட்டியைத் திறந்த நாள்

லேபில் அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் அது. பதினெட்டு வருஷம் அங்கே உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்கியவள். மெழுகு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இவள் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். இப்போது வீட்டிலிருந்தே வேலை. நோயாளியின் வாய் ஸ்கேனாக வந்து சேரும். இவள் திரையில் பல்லைத் திருப்பித் திருப்பி வடிவம் கொடுத்து அனுப்புவாள். லேபில் மெஷின் அதைக் கடைந்தெடுக்கும்.

இத்தனை கெட்டிக்காரிக்குச் சுவிட்ச் போடுவதென்றால் மட்டும் உள்ளூர உதறல். காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டாள். "இவ கரண்ட் பில்லைக்கூடக் குச்சியால தள்ளிதான் படிப்பா" என்று பஸ் ஓட்டும் அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்குச் சிரிப்பு. அன்றைக்கு நடந்ததைப் பார்த்தவள் அவள். அப்பா வயர்மேன். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனார். மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினார். உள்ளே யாரோ ஃபேன் சுற்றவில்லையே என்று மெயினைப் போட்டுவிட்டார்கள். கம்பியைப் பிடித்த கையோடு அப்பா கீழே விழுந்து துடித்தார். ஓடிப்போய்த் தொட இருந்தவளை யாரோ சடையைப் பிடித்து இழுத்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் அதன்பிறகு மடங்கவே இல்லை.

இப்போது லேபிலிருந்து தகவல் வந்திருந்தது: திங்கட்கிழமை முதல் புது சாஃப்ட்வேர், பழையது ஓடாது. அவளுடைய கம்ப்யூட்டர் ஒன்பது வருஷத்துப் பெட்டி. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுப் பார்த்தால் தாடை பாதி தெரிந்து அப்படியே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்து, "கிராபிக்ஸ் கார்டுக்கு வயசாயிடுச்சும்மா. வேற மாத்திட்டா போதும்" என்றார். பெட்டிக்குள் இடம் இருக்கிறதா, பவர் தாங்குமா என்றெல்லாம் கணக்குப் பார்த்துப் பொருத்தமான கார்டைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே வந்து மாட்டித்தருவதாகச் சொல்லிப் போனார்.

ஞாயிறு பத்து மணிக்கு அவர் வரவில்லை, போன்தான் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டு.

"வேற கடை எதுவும் இன்னிக்குத் திறக்காதும்மா. நான் சொல்லச் சொல்ல நீங்களே மாட்டிடுங்க."

"நானா?" என்றாள். கணவன் சாயங்காலம்தான் டியூட்டி முடிந்து வருவான். விபத்தில் முன்பல் ஆறும் போன ஒருத்தருக்கு மறுநாள் காலைக்குள் பல் போயாக வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணெதிரே கிடந்தால் யாரும் மாட்டிவிட முடியாதல்லவா!

"இப்ப பவர் பட்டனை அஞ்சு நொடி அமுக்கிப் பிடிங்க. மிச்சம் மீதி கரண்ட் இறங்கிடும்."

அமுக்கினாள். பிளக் மடியில் கிடக்க, உள்ளே ஃபேன் ஒருதரம் உதறி அரைச் சுற்று சுற்றியது. போனைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா? அம்மா! அது உள்ள தேங்கியிருந்தது. அவ்வளவுதான். இனி ஒண்ணும் இல்ல."

'இனி ஒண்ணும் இல்ல' என்றுதானே அப்பாவும் ஸ்டூலில் ஏறினார். வியர்வை கண்ணில் இறங்க, மூடியைக் கழற்றினாள். உடம்பில் தேங்கிய கரண்ட் இறங்க, அவர் சொன்னபடி பெட்டியின் இரும்பை ஒற்றை விரலால் தொட்டாள். எதுவும் நடக்கவில்லை. பழைய கார்டின் திருகாணியைக் கழற்றி, ஓரத்துக் கொக்கியை அமுக்கினாள். ஒன்பது வருஷத்துத் தூசியோடு கார்டு கையில் வந்தது. புதியதை அதே பள்ளத்தில் வைத்து அழுத்தியபோது 'டக்' என்றது.

"உட்கார்ந்துடுச்சா? அடுத்து ஆறு ஊசி வச்ச ஒயர் ஒண்ணு..."

அந்த நொடி வீடே உயிர்பெற்றது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியது. நடுவில் கரண்ட் போயிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. கை பெட்டிக்குள். வீல் என்று கத்திக் கையை உருவியதில் புறங்கை தகரத்தில் கிழிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பத்தும் மடங்கின. மடியைத் தடவினாள். பிளக் அங்கேயேதான் கிடந்தது.

போனில் கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "முடிச்சிட்டேன்" என்று வைத்துவிட்டாள். திருகாணியை முடுக்கி, மானிட்டர் ஒயரைப் புதுக் கார்டில் செருகி, பிளக்கை மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

பெட்டி இரைந்தது. திரை கன்னங்கரேலென்று இருந்தது.

பெட்டியைக் கொன்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். மறுபடி போன் செய்தாள்.

"அந்த ஆறு ஊசி ஒயரை மாட்டினீங்களா?"

"எந்த ஒயர்?"

"சரியாப்போச்சு! கார்டுக்குத் தனியா பவர் கொடுக்கணும்மா. நீங்க கத்தினதுல காதுல விழல போல. மறுபடி திறங்க."

மறுபடியுமா? சுவிட்சை அணைக்கவே அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்து, இந்தமுறை அதன் மேல் முழங்காலையும் அழுத்திக்கொண்டாள். கையில் ரத்தம் துளிர்க்க, ஒயர்க் கற்றைக்குள் துழாவி, ஆறு ஊசி ஒயரை இழுத்துக் கார்டில் மாட்டினாள்.

திரை வெளுத்தது. சாஃப்ட்வேர் திறந்ததும் அந்த முன்பின் தெரியாத மனிதரின் தாடை முழுசாக வந்து, மவுஸை நகர்த்திய பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முதல் பல்லைத் தொடங்கினாள்.

சாயங்காலம் வந்த கணவன், "யாரு வந்து மாட்டினா?" என்றான்.

"நான்தான்."

கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு மருந்தெடுக்கப் போனான்.

ஆறு பல்லும் மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்தன. மத்தியானம் லேப் மேனேஜர் கூப்பிட்டார். "பல்லக்கா, நீங்களே மாட்டிட்டீங்களாமே! இங்க நாலு பழைய பெட்டி கிடக்கு. வந்து மாட்டித்தர முடியுமா?"

கேட்ட மாத்திரத்தில் அவள் கால் ரப்பர் செருப்பைத் தேடியது.

"வர்றேன் சார்," என்றாள். "ஆனா நான் வெளிய வர்ற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள ஒருத்தரும் காலெடுத்து வைக்கக் கூடாது. நீங்களும்தான்."