ஷேட் கார்டு வாங்கிய தீபாவளி

முதலாளி அந்தக் காதுகுத்துப் பத்திரிகையை என் மேஜைமேல் போட்ட விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, இந்த மயிலப் பாருங்க. யாரு மயிலு இது?"

பார்த்தேன். எங்கள் மயில்தான். ஓரம் முழுக்கக் கொடி ஓடி, மேலே இரண்டு மூலையிலும் மயில் நிற்கும். இடதுபக்க மயிலின் காலில் ஒரு விரல் குறையும். எங்கள் டிசைனர் ஜெசிந்தா கையால் வரைந்து ஸ்கேன் செய்தது அது. விரல் விட்டுப்போனதை அவளும் கவனிக்கவில்லை, புரூஃப் பார்த்த நானும் கவனிக்கவில்லை. இப்போது அதே குறையோடு, யாரோ வேறொரு வீட்டுக் காதுகுத்துக்காக, அடியில் வேறொரு அச்சகத்தின் பெயரோடு, மயில் என் மேஜையில் கிடந்தது.

"நாம இத பிரிண்டே அடிக்கலயே தம்பி. அந்த ஜாப் கேன்சல் ஆயிருச்சுல்ல?"

"அதான் நானும் கேக்குறேன். பேப்பர்லயே ஏறாத டிசைன் அங்கிட்டு எப்படிப் போச்சு? உள்ள இருந்துதான் போயிருக்கு."

திருக்கோகர்ணத்தில் இருந்த அந்த அச்சகத்தில் நான் பைண்டிங்கில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் டிடிபி பழகி, கடைசிப் பன்னிரண்டு வருஷம் மேனேஜராக இருந்தேன். என்னை வேலைக்கு எடுத்தவர் முதலாளியின் அப்பா. அதனால் முதலாளிக்கு நான் அக்கா. ஆட்கள் இல்லாதபோது எனக்கு அவர் தம்பி. டிசைனர்கள் இரண்டே பேர். சரவணனுக்கு முப்பது வயதிருக்கும். ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் வேலையெல்லாம் அவன் பார்ப்பான். ஜெசிந்தா நாற்பதைத் தாண்டியவள், ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பத்திரிகையும் மல்டிகலர் வேலையும் அவளுடையது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. முதலாளி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இந்த வருஷம் டிசைனருங்களுக்குத் தனியா நல்லதா ஏதாச்சும் வாங்குவோம். என்ன வேணும்னு கேக்குற மாதிரி பக்கத்துல போய் உக்காருங்க. யாரு என்ன பண்றாங்கன்னு பாத்துருங்க."

"பரிசு வாங்கச் சொல்றீங்களா, வேவு பாக்கச் சொல்றீங்களா?"

"ரெண்டுந்தான்."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கண்ணெதிரே திருட்டு நடந்திருக்கிறது என்ற ஆத்திரம் எனக்கும் இருந்தது.

என்ன வேணும்?

டிசைன் வேலை பார்க்கிறவர்களுக்குப் பரிசு வாங்குவது லேசான காரியம் இல்லை. மற்றவர்கள் டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்ப்பார்கள். இவர்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் எல்லோருக்கும் அச்சகத்தின் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். சரவணன் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, எழுத்தப் புடிச்சு அகலத்துக்கு இழுத்து விட்டுருக்காய்ங்க. இதத் தெனமும் பாத்துத்தான் நான் மணி தெரிஞ்சுக்கணுமா?"

அடுத்த வருஷம் கொடுத்த காபி கோப்பையில் ஜெசிந்தா பேனாக்களைப் போட்டு வைத்தாள், வாசகம் இருந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி.

ஆகவே நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரிப்பதற்குக் காரணம் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அதை அவர்கள் நம்பவில்லை. சரவணனின் நாற்காலி எப்படி இருக்கிறது, மௌஸ் சரியாக வேலை செய்கிறதா என்று நான் கேட்கக் கேட்க அவன் முகம் சுருங்கியது.

"நேரா சொல்லுங்கக்கா. அந்த ஏஐ-ய வாங்கிப் போட்டுட்டு என்னைய வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா? அதுக்குத்தான் சாமானெல்லாம் பாத்துக் குறிக்கிறீங்களா?"

"அட, தீபாவளிக்கு என்ன வேணும்னுதாண்டா கேக்குறேன்."

"இத்தன வருஷமா கேக்கலயே?"

கடைசியில் அவனே இறங்கிவந்து, ஷேட் கார்டு பழசாகி வெளிறிவிட்டது, அதை நம்பிக் கலர் வைக்க முடியவில்லை என்றான். நிறங்களை எண்ணோடு வரிசையாக அச்சடித்து, விசிறிபோல விரிக்கிற மாதிரி இருக்கும் அட்டைதான் ஷேட் கார்டு. பிரிண்டில் எந்த நிறம் எப்படி வரும் என்று அதை வைத்துத்தான் பார்ப்போம்.

ஜெசிந்தா விஷயம் வேறு மாதிரி இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் ஸ்கிரீனைச் சின்னதாக்கினாள். "எனக்கு ஒண்ணும் வேணாங்கக்கா, ஸ்வீட்டு போதும்" என்றாள். அவள் இழுப்பறை பூட்டியிருந்தது. முன்பு அதற்குப் பூட்டே கிடையாது. மூன்று நாள் அங்கேயே சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் லே-அவுட்டை முடித்தவள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, போனை எடுத்து ஸ்கிரீனைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் புரூஃப் என்னிடம் வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. தன் கணக்கு சரியாகிவிட்டது போல் தலையாட்டினார்.

"தீபாவளி முடியட்டும். நின்னுக்கச் சொல்லிருவோம். நல்ல நாளும் அதுவுமா வேணாம்."

அதுவரை காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இரண்டு பேருக்கும் ஒரே பரிசாக வாங்கச் சொன்னார். திருச்சிக்கு ஆள் அனுப்பிப் புது ஷேட் கார்டு இரண்டு வாங்கினேன்.

எது வயலட்?

தீபாவளிக்கு முந்தின நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோம். டிசைனர்கள் இருவருக்கும் கூடவே ஷேட் கார்டு. சரவணனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே விரித்துவிட்டான்.

"பாருங்கய்யா, இது பரிசு! ஜெசிந்தாக்கா, பழைய கார்டுல இந்த ரெண்டும் ஒண்ணாவே தெரியும்ல? இப்ப எப்படிப் பிரிஞ்சு தெரியுது பாருங்க. எது நீலம், எது வயலட்டுன்னு சின்னப்புள்ளகூடச் சொல்லிரும்."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு ஒன்றைத் தொட்டு, "இது வயலட்டு" என்றாள்.

அது நீலம். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சரவணன் சிரித்தான். பைண்டிங் பெண்களும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னை மட்டும் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் இத வாங்குனீங்களாக்கா?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே ஓடி, பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன்.

"என்னத்தத் தெரிஞ்சுக்கிட்டேன்? நில்லு ஜெசிந்தா."

"மூணு நாளா பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்கள்ல. என் கண்ணத்தான பாத்தீங்க? நேரா கேட்டுருக்கலாம். நாலு பேரு முன்னாடி இப்படி வச்சுப் பாக்கணுமா?"

"ஒன் கண்ணா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்பது புரிந்ததும் இன்னும் பயந்துபோனாள். அதன் பிறகு மறைத்துப் பயனில்லை. சில மாதமாகப் பார்வை மங்கலாக இருக்கிறது, நீலம், வயலட், கறுப்பு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது என்றாள். நம்பர் போட்டுக் கலர் வைப்பாளாம். வைத்தது சரியா என்று தெரியாததால் படம் எடுத்து ஆவூரில் டீச்சராக இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பிக் கேட்பாளாம். பூட்டிய இழுப்பறையில் இருந்தது ஒரு பூதக்கண்ணாடி. டாக்டரிடம் போகவில்லை. அவள் அப்பாவுக்குச் சுகரில் பார்வை போனது. தனக்கும் சுகர் இருப்பதால் அதுதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

போனைக் காட்டினாள். எங்கள் லே-அவுட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவள் அக்காவின் பதில். "நீலம்." "பச்சை சரி." "மெரூன் இல்லடி, காவியா இருக்கு, மாத்து." "கிளாஸ்ல இருக்கேன், பத்து நிமிஷம் பொறு."

நிறுத்தத்தின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து, மயில் பத்திரிகையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் திருடி என்று நினைத்ததையும், முதலாளியிடம் நான்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"திருடின்னு நெனச்சதுனால தீபாவளி வரைக்குமாச்சும் வச்சிருந்தீங்க" என்றாள். "கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அனுப்பிருப்பீங்க."

ஆவூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

பிறகு நடந்தது

கண் விஷயத்தைச் சொன்னபோது முதலாளி முதலில் நம்பவில்லை. "இதுவும் ஒரு கதையா இருந்தா?" என்றார். அந்தச் சில மாதத்தில் ஜெசிந்தா செய்த வேலைகள் எல்லாவற்றையும் எடுத்து, பிரிண்டோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூட நிறம் தப்பவில்லை. அவர் முன்னால் அடுக்கி வைத்துவிட்டு, "இவள அனுப்புறதுன்னா எனக்கும் சேத்து லெட்டர் அடிங்க" என்றேன்.

தீபாவளி கழிந்ததும் நானே அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்புரை. சுகர் இருப்பவர்களுக்கு இந்த வயதிலேயே வரலாம், ஆபரேஷன் செய்தால் தெளிவாகிவிடும் என்றார் டாக்டர். ஜெசிந்தா அவரிடம் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இரண்டு கண்ணும் முடிந்து வேலைக்கு வந்த அன்று ஆர்ட் பேப்பர் கட்டுக்கு முன்னால் நின்றாள்.

"இம்புட்டு வெள்ளையாவா இருந்துச்சு இது?"

மயில் போன வழியும் தெரிந்தது. நார்த்தாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார். முன்பு அந்த மயில் பத்திரிகையை ஆர்டர் கொடுத்துக் கேன்சல் செய்தவர் அவர்தான்.

"நீங்க லேட்டாகும்னீங்க, அதான் அங்கிட்டுக் குடுத்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்க முதலாளி போன்ல அனுப்புன பிடிஎஃப்பத்தான் அவுங்ககிட்ட காட்டுனேன்."

முதலாளி தன் போனில் தேடினார். அவர் அனுப்பியதுதான். சுத்தமாக மறந்திருந்தார். அன்று சாயங்காலம் ஜெசிந்தாவின் மேஜைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, இருவருமே சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டிசைனர்களுக்குப் பரிசு வாங்க வேண்டுமென்றால் நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியை மடித்து வைக்காதீர்கள். அவர்கள் நாள் முழுக்க நுணுக்கம் பார்க்கிறவர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த தீபாவளிக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, வேண்டியதை எழுதச் சொன்னேன். ஜெசிந்தா, "எதுக்குக் கேக்குறீங்கக்கா?" என்றாள். "பரிசு வாங்கத்தான்" என்றேன். தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தாள். அதற்கடுத்த வருஷம், நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய தீபாவளிக்கு, எழுதிக் கொடுத்தாள்.

"ஜன்னலுக்கு ஒரு ஸ்கிரீன் துணி. மத்தியானம் வெயில் மானிட்டர்ல விழுது."

ஒன்பது வருஷமாக அதே ஜன்னலோரம்தான் அவள் இடம். வேவு பார்க்கப் போனபோது அவள் இழுப்பறையில் தொங்கிய பூட்டைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அந்த வெயிலை நான் பார்க்கவே இல்லை.