குறட்டைக்காக ஒரு வேண்டுதல்

சிரிக்காமல் கேளுங்கள். ஆஞ்சநேயரிடம் நான் அழுது கேட்டது என் வீட்டுக்காரரின் குறட்டையைத்தான்.

1998-ல் எனக்கு நாற்பத்தாறு வயது. தி.நகரில் ஜாக்கெட் துணியும் லைனிங்கும் விற்கிற சின்ன மேட்சிங் கடை எங்களுடையது. வலது காது குழந்தையில் அம்மை கண்டபோதே போய்விட்டது. இடது காதும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கொலுசுச் சத்தம் போனது. பிறகு குக்கர் விசில். அப்புறம் பேச்சு. காது மெஷின் வைத்தும் ஒரு வார்த்தை புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துத்தான் சமாளிப்பேன். அவர்கள் தலையைத் திருப்பினால் போச்சு. திமிர் பிடித்தவள் என்று நினைத்துக் கோபமாகப் போனவர்கள் உண்டு. உள்ளே போய் அழுவேன்.

எனக்கு மிச்சமிருந்தவை கனத்த சத்தங்கள் மட்டும்தான். பஸ் உறுமுவது கேட்கும். தவில் கேட்கும். அப்புறம் இவர் குறட்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் பாயில் சாய்ந்தால் ஐந்தே நிமிஷத்தில் ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் அதைத் திட்டாத வாரமே இல்லை.

அடையாறில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினார். உள்காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, வெளியே கருவி மாட்டினால் பேச்சு கேட்குமாம். வலது காது ரொம்ப வருஷமாகத் தூங்கிவிட்டதால் இடது காதில்தான் செய்ய வேண்டுமாம். கீழே இன்னொரு வரி எழுதினார். "இப்போது மிச்சமிருக்கிற கேட்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும். காப்பாற்றப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது."

வரப்போகிற சத்தம் எப்படி இருக்குமோ தெரியாது. இருக்கிற கொஞ்சத்தையும் எப்படி விடுவது?

அந்தச் சனிக்கிழமை நங்கநல்லூர் போனோம். அண்ணாந்து பார்த்தால்தான் ஆஞ்சநேயர் முகம் தெரியும். கண்ணை மூடி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். "ஆஞ்சநேயா, புதுசாக் கேக்க வைக்கிறது டாக்டர் பாடு. இருக்கிறத நீ காப்பாத்து. இவரு குறட்டை எனக்கு வேணும். இனிமே திட்டவே மாட்டேன். உனக்கு வடைமாலை சாத்துறேன்."

கண்ணைத் திறந்தால் வரிசை முழுக்கச் சிரிக்கிறது! அர்ச்சகர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். காது கேட்காதவளுக்குத் தன் குரலின் அளவு தெரியுமா? நான் ஊருக்கே கேட்கும்படி வேண்டியிருக்கிறேன். இவர் என்னை வெளியே இழுத்து வந்து, நான் படிக்கும்படி வாயை நன்றாக அசைத்துக் கேட்டார். "ஏட்டி, சாமிட்ட கேக்கதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" கேட்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. கம்பியை அவசரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தியதாக டாக்டர் எழுதினார். வெளிக் கருவியை ஒரு மாசம் கழித்துத்தான் மாட்டுவார்கள். கட்டுப் பிரித்த அன்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் இல்லை. எதுவுமே இல்லை. இவர் பாயில் படுத்துக் கண்ணை மூடி, எனக்காகக் குறட்டை விட்டுக் காட்டினார். தொப்பை ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. நான் உடைந்துபோனேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டேன். "எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான. அதையும் வாங்கிக்கிட்டியா?"

காதுக்குள் ரத்தக்கசிவு வற்ற வேண்டும், பொறுங்கள் என்று டாக்டர் எழுதினார். பொறுமை எனக்குக் கொஞ்சமும் கிடையாது. இருந்தும் பொறுத்தேன். தினமும் ஆஞ்சநேயன் பெயரைச் சொன்னேன்.

நாலாவது ஞாயிறு மத்தியானம். சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கர்ர் என்று ஓர் உறுமல். தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு மறந்துவிட்டோம் என்று எழுந்து போனேன். சுவிட்ச் அணைந்திருந்தது. உறுமல் மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்! மார்பு ஏறினால் உறுமுகிறது, இறங்கினால் நிற்கிறது. கீரையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். எழுப்பவில்லை. அவராக எழுந்ததும் சொன்னேன்.

"கேட்டுச்சுங்க."

"எது?"

"உங்க மோட்டாரு."

டாக்டர் சோதித்துப் பார்த்து, காதுச் சோதனையின் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கனத்த சத்தங்கள் அநேகமாக அப்படியே இருந்தன. "இதில் என் கை பாதிதான். மீதி மேலே இருக்கிறவர்" என்று எழுதிவிட்டுச் சிரித்தார்.

கருவி மாட்டிய புதிதில் எல்லாருடைய பேச்சும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல இருந்தது. மெதுமெதுவாக வார்த்தை பிரிந்தது. இப்போது கடையில் யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, என் சொந்தக் காதால் குறட்டையைக் கேட்கிறேன். சொன்ன சொல் தவறாமல், ஒரு நாளும் திட்டவில்லை.

தை மாசம் வடைமாலை சாத்தப் போனோம். அதே சந்நிதி. கண்ணை மூடி வேண்ட ஆரம்பித்தேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது. அம்மாடி, இத்தனை சத்தமா! நாக்கைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினேன்.

"சத்தமாவே சொல்லுட்டி. போன தடவ அப்படித்தான போய்ச் சேந்துச்சு."

கண்ணைத் திறக்காமல், அவர் வாயைப் பார்க்காமல், அத்தனை வார்த்தையையும் கேட்டேன்.

உங்களுக்கும் ஒரு குறை இருக்கும். இதைப் போயா சாமியிடம் கேட்பது என்று கூச்சமாகவும் இருக்கும். அவன் முன்னால் நின்று கேட்டுவிடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.