குடிகாரரின் இடது கை

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் சீவிக்கொண்டிருந்தோம். அதே லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீடு தள்ளி அப்பாவும் தங்கையும் அத்தையும் இருந்தார்கள். அம்மா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே தவறிவிட்டார். அதனால் தங்கைக்கு அக்கா, அம்மா எல்லாமே நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். பொய்யில்லை.

எனக்கு அப்போது ஒரு நடிகர் மேல் பைத்தியம். மற்றப் பெண்களுக்கெல்லாம் மெட்ராஸ் படத்துக் கதாநாயகர்களைப் பிடிக்கும். எனக்கோ நம் ஊர்த் தொலைக்காட்சி நாடகங்களில் எப்போதாவது தலைகாட்டும் ஒருவரைத்தான் பிடித்தது. ஒல்லி உடம்பு, ஏறுநெற்றி, கரகரத்த குரல். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர் பெயர் கடைசியில் வரும், படிப்பதற்குள் போய்விடும். கிடைப்பதெல்லாம் பொல்லாத வேடங்கள். சம்சு சாராயம் குடித்துவிட்டு மனைவியை அடிப்பார், இல்லையென்றால் நல்ல குடும்பத்தைக் கலைப்பார். தோட்டத்து மண்டபத்தில் கூடி உட்கார்ந்து நாடகம் பார்ப்போம். அவர் முகம் தெரிந்ததுமே பெண்கள் சாபம் விட ஆரம்பித்துவிடுவார்கள். "சும்மா இருங்க லா, அவரு பேசுறது கேக்கணும்" என்று நான் ஒருத்திதான் அதட்டுவேன்.

ஒரு மலாய்ப் படத்தில் அவர் நடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். பாதிப் படத்துக்கு மேல் ஓடிவிட்டது, ஆளைக் காணோம். கடைசியில் ஒரு பங்களா வாசலைக் காவல் காக்கும் ஜாகாவாக நின்றார். கேட்டைத் திறந்தார். கார் உள்ளே போனது. கேட்டைச் சாத்தினார். அவ்வளவுதான்! தங்கைக்கு வந்த கோபம் இருக்கிறதே... "இதுக்கா லா பஸ் ஏறி வந்தோம்? நம்ம தோட்டத்து ஜாகாவ சும்மாவே பாத்திருக்கலாமே" என்றாள். ஆனால் சாத்திவிட்டு இரண்டடி நடந்தவர், திரும்பி வந்து தாழ்ப்பாளை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். நிஜமான காவல்காரர் அதைச் செய்வார். அந்த ஓர் அசைவைப் பார்ப்பதற்காகவே மறுபடி அந்தப் படத்துக்குப் போக ஆசைப்பட்டேன். தங்கை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

தோட்டத்து ஜனங்கள் அவரை அடியோடு வெறுத்தது ஒரு நாடகத்துக்குப் பிறகுதான். அதில் அவர் தள்ளாடி வந்து, சோறு எடுத்துவைக்கும் மனைவியைக் கதவு நிலையில் தள்ளுவார். டம் என்று ஒரு சத்தம். மண்டபம் முழுக்க "ஐயோ" என்றது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பா போனதற்குக் காரணம் அத்தை. சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் அத்தையைக் கட்டிக்கொடுத்தது அப்பாதான். வாய்த்தவன் குடிகாரன். ஒரு நாள் அத்தையை ஒடிந்த கையோடு அப்பாவே போய் அழைத்து வந்தார். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அன்றிலிருந்து அத்தை எங்களோடுதான். வீட்டுக்கு அந்நிய ஆண்கள் யார் வந்தாலும் அடுப்படிக்குள் போய்விடுவார். கூடப் பிறந்தவளைத் தானே பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டோமே என்ற வேதனை அப்பாவை விட்டுப் போகவேயில்லை.

அந்தக் காட்சியில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். வலது கை தள்ளும்போதே அவருடைய இடது கை அந்த நடிகையின் தலைக்குப் பின்னால் போய்விட்டது. மரத்துக்கும் மண்டைக்கும் நடுவில் அவர் உள்ளங்கை இருந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு அந்த ஆளு மேல கிறுக்கு. அதான் இல்லாத கையெல்லாம் தெரியுது" என்று சிரித்தார். வேறு யாரிடம் சொல்வது? விட்டுவிட்டேன்.

மறு வருஷம் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஈப்போவில் அவள் வேலை செய்த தொழிற்சாலைக்குச் சாமான் ஏற்ற வரும் லோரி ஓட்டுநர். இருவருக்கும் பிடித்துப்போனது. அப்பாவிடம் சொல்லும் வேலை வழக்கம்போல் என் தலையில். பையனுக்குத் தாய் தகப்பன் இல்லை, வளர்த்ததெல்லாம் அண்ணன்தான், அவர் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறார் என்று தங்கை சொன்னாள். அதற்கு மேல் பையன் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக் கார் லயத்து முன்னால் வந்து நின்றது. பையன் இறங்கினான். பின்னாலேயே வெற்றிலை பாக்குத் தட்டோடு அண்ணனும் இறங்கினார். ஒல்லி உடம்பு, ஏறுநெற்றி. அவரேதான்!

"ஆயோ, அந்தக் குடிகாரன் லா!" என்று ஒரு குரல் கிளம்பியது. லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அங்க ஒருத்திய அடிச்சது பத்தலையா, இங்கயும் வந்துட்டியா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் பழகிப்போனவர்போல் லேசாகச் சிரித்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு கோப்பித் தட்டைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். "உன் ஆளு வந்துட்டாரு, ஊத்திடாத" என்று வீட்டுக்காரர் காதைக் கடித்தார்.

அப்பா முகம் கறுத்துப்போயிருந்தது. வந்தவர்கள் பசியாறி முடிக்கும்வரை பொறுத்திருந்தவர், "தம்பி நல்ல பையனாத்தான் தெரியுது. ஆனா இது வேணாங்க" என்றார்.

அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. "ஐயா, நான் குடிச்சதே இல்லீங்க. அது வேஷம். என் தம்பிக்கு முன்ன வந்த சம்பந்தமும் இதாலதான் போச்சு" என்றார் தணிந்த குரலில்.

"வேஷம்னு எனக்கும் தெரியும். நான் ஒண்ணும் மடையன் இல்ல. ஆனா அப்படித் தள்ளுறதுக்குப் பழகின கை வேணும். நான் நெஜத்துல பாத்தவன்" என்றார் அப்பா.

அவர் சுமாராக நடித்திருந்தால் தப்பித்திருப்பார். நன்றாக நடித்ததே வினையாகிவிட்டது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே தங்கை விசும்புவது கேட்டது. அவர் வெற்றிலைத் தட்டை எடுக்கக் குனிந்தார். அது வெளியே போய்விட்டால் என் தங்கை வாழ்க்கையும் அதோடு போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"அப்பா, நீங்க ஒரு கையத்தான் பாத்தீங்க!" என்று கத்தியே விட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மணப்பெண்ணின் அக்கா கத்தினால் எப்படி இருக்கும்! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. இடது கை, தலைக்குப் பின்னால் போன உள்ளங்கை, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் விழித்துப் பார்த்தார். "தங்கச்சி, அது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றவர், அப்பா பக்கம் திரும்பினார். "அந்தக் கை தெரிஞ்சதுக்கு எனக்கு நல்லா ஏச்சு விழுந்துச்சுங்க. திரும்ப எடுக்க நேரமில்லன்னு அப்படியே விட்டுட்டாங்க. என்கூட நடிச்ச அந்தம்மா அப்ப மாசமா இருந்தாங்க. கை தானா போயிடுச்சு, என்ன செய்ய?"

அப்பா கதவு நிலையைக் காட்டி, "செஞ்சு காட்டுங்க" என்றார்.

யாரை வைத்துச் செய்வது? மணப்பெண்ணைத் தள்ள முடியுமா? நான் எழுந்து கதவு நிலையில் போய் நின்றேன். அவர் என் வீட்டுக்காரரைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார். "தள்ளுங்க அண்ணே. எனக்குத்தான் இத்தன வருஷமா தைரியம் வரல" என்றார் வீட்டுக்காரர். வாசலில் கூட்டம் சிரித்தது.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். திரும்பியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. கண் சிவந்து, உதடு தொங்கி, வேறு ஆளாக இருந்தார். நடிப்பு என்று தெரிந்தும், சத்தியமாக ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தோளில் கை விழுந்தது. கால் தடுமாறிப் பின்னால் சாய்ந்தேன். டம்! செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வலிக்கவில்லை. என் பின்னந்தலை ஒரு வெதுவெதுப்பான உள்ளங்கைக்குள் இருந்தது. மரத்தில் மோதியது அவருடைய விரல் முட்டிகள். கண்ணைத் திறந்தபோது பழைய ஆளாக நின்று, "வலிச்சுதா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முட்டித் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அடுப்படியிலிருந்து அத்தை வெளியே வந்தார். அத்தனை பேர் முன்னால் நேராக நடந்து வந்து, தன் கோணல் கையால் அவருடைய இடது கையைப் பிடித்து, முட்டியைத் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தார்.

"அடிக்கிறவனுக்கு இந்தக் கை வராது அண்ணே. எனக்குத் தெரியும். பொண்ணக் குடு."

அப்பா அத்தையைப் பார்த்தார். அப்படியே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதார். அழுது முடித்து, கீழே இருந்த வெற்றிலைத் தட்டைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவும் மூக்கைச் சிந்தினார்.

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கல்யாணம் நடந்தது. தங்கை நன்றாக இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரே ஒரு நாடகத்தில் நல்லவராக, டாக்டராக வந்தார். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். "எனக்கும் பிடிக்கல தங்கச்சி" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாய்ப்புகள் குறைந்தன. அச்சக வேலையோடு நின்றுகொண்டார். இப்போது அவர் இல்லை. அந்த லயமும் இல்லை. அந்த நாடகம் எங்கேயாவது பத்திரமாக இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

ஆனாலும் யாரைப் பற்றியாவது நாலு பேர் கூடிப் பொல்லாப்புப் பேசினால், என் பின்னந்தலையில் அந்த வெதுவெதுப்பு தட்டுப்படுகிறது. அவர்கள் பேசும் மனிதருடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்க்கும்வரை, ஆமாம் போட எனக்கு வாய் வருவதில்லை.