நெஞ்சில் ஊர்ந்த எறும்பு

நான் திருநம்பி. மார்பைத் தட்டையாக்கும் அறுவைச் சிகிச்சையை பேங்காக்கில் முடித்துக்கொண்டு மலேசியாவில் எங்கள் ஊரான லாபிஸுக்குத் திரும்பியபோது, கண்ணாடியில் பார்த்தால் ஆள் ஜோராகத்தான் இருந்தேன். தொட்டால் மட்டும் யாருடைய நெஞ்சோ. வெட்டிய நரம்புகளை மருத்துவர் மார்புக்காம்பின் அடியில் இணைத்துத் தைத்திருந்தார். அவை மெதுவாகத்தான் வளரும், உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். எனக்கு அழகைவிட அதுதான் வேண்டியிருந்தது. சட்டையில்லாமல் நின்றால் காற்று படுவது தெரியவேண்டும். இத்தனை வருட ஆசையே அவ்வளவுதான்.

தையல் ஆறியதும் என் முதல் வீரச்செயல் நடந்தது. எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் போகிற எல்லாரையும்போல ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய சூடான தே தாரிக் டீயை உள்ளே செருகிக்கொண்டேன். வீட்டில் ஜாக்கெட்டைக் கழற்றியதும் அக்கா அலறினாள். நெஞ்சில் கொப்புளம்.

"அலமாக்! சுடலையாடா உனக்கு?"

"டீ ஆறிப்போச்சுன்னு கடைக்காரனத் திட்டிக்கிட்டே வந்தேன்க்கா."

அக்கா கிளினிக்கில் தாதி. அன்றிலிருந்து, மருத்துவர் சொல்லியனுப்பிய பயிற்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடவேண்டும். அவள் பஞ்சால் தொடுவாள். எங்கே என்று நான் சொல்லவேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்து மூளைக்குப் புரியவைக்கவேண்டும். மாலைதோறும் தவறாமல் தோற்றேன்.

"இப்ப?"

"தொட்டுட்டியா?"

"அழுத்தியே தொட்டேன் லா. தூங்கிட்டியா?"

மாதங்கள் போயின. அக்கா விடவில்லை, நான்தான் மனதுக்குள் விட்டுவிட்டிருந்தேன். அப்படி ஒரு மாலையில், கண் மூடியிருக்கையில், இடது அக்குளருகே எறும்பு ஊர்ந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினேன்.

"ஆடாத!"

"எறும்புக்கா. அக்குள்ல."

"எறும்பும் இல்ல, அக்குளும் இல்ல. காம்புலதான் தொட்டுக்கிட்டிருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். பஞ்சு அங்கேதான் இருந்தது. புது நரம்புக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை போலும். நெஞ்சைத் தட்டினால் அக்குள் கதவைத் திறக்கிறது. அக்கா பஞ்சை எடுத்தாள், எறும்பு நின்றது. வைத்தாள், ஊர்ந்தது. நான் எடு, வை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அழறியா சிரிக்கிறியா, ஒண்ணு சொல்லு."

"கூசுதுக்கா."

"சரி, கண்ண மூடு. அந்தப் பக்கம் பாக்கலாம்."

வலப்பக்கம் இன்னும் நல்ல தூக்கத்தில் இருந்தது. இருக்கட்டும், எனக்கு அவசரமில்லை.